ஆபீஸ் வேண்டாத கம்பெனிக்கு ஓர் ஆபீஸ்

"வாசல் சரியில்லம்மா" என்றார் முதலாளி.

மேஜைமேல் இருந்த அட்டைக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னார். படிக்கட்டம்மா பென்சிலை எடுத்துக்கொண்டாள். அவர் குறை சொல்லாத வியாழக்கிழமையே கிடையாது.

படிக்கட்டம்மா என்பது அவள் ஆபீஸில் வைத்த பெயர். கட்டட வடிவமைப்புப் படித்துவிட்டு வந்தவளுக்கு, அடுத்தவர்கள் வரைந்த கட்டடங்களில் படிக்கட்டும் கழிவறையும் வரைகிற வேலைதான் வாய்த்தது. ஊரில் பாதிப் பேர் அவள் படியில்தான் ஏறி இறங்கினார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அஸ்திவாரம் முதல் மொட்டைமாடி வரை 'இது என்னுடையது' என்று காட்ட ஒரே ஒரு கட்டடம் வேண்டுமென்று ஏங்கி ஏங்கியே காதோரம் நரைத்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது காலி மனை கண்ணில் பட்டால் போதும், பசித்தவன் சாப்பாட்டுக் கடையைப் பார்ப்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த நேரத்தில்தான் இந்த மென்பொருள் கம்பெனி வந்து சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே எல்லாரும் வேலை பார்ப்பதற்கான மென்பொருளை விற்கும் கம்பெனி. 'ஆபீஸே வேண்டாம்!' என்பதுதான் அவர்கள் விளம்பரம். அவர்களுக்குத்தான் ஆபீஸ் கட்ட வேண்டுமாம். கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, இவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அடையாளம்னு ஒன்னு வேணும்ல? நாங்க யாருன்னு கட்டடத்தப் பாத்தாலே தெரியணும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் அந்தக் கம்பெனி முதலாளி.

இப்போது விரலை நீட்டி, "வாசல் ரொம்ப அகலம். ஒருத்தர் மேல ஒருத்தர் படாமலேயே உள்ள போயிடலாம் போல" என்றார்.

"நெரிசல் இருக்கக் கூடாதுன்னுதான் சார்..."

"இருக்கட்டுமேம்மா. கொஞ்சம் இடிச்சாத்தானே 'அடடா, மன்னிச்சுக்குங்க'ன்னு பேச்சே ஆரம்பிக்கும்?"

வாசலைக் குறுக்கினாள். குறுக்கியதில், தீப்பிடித்தால் ஓட வழி போதாமல் போனது. அதற்காக இரண்டு பக்கமும் வாசல் வைத்தாள். பக்கவாசல் வழியாக யாரையும் பார்க்காமல் ஆள் நழுவிவிடுவான் என்று அடுத்த வியாழன் முதலாளி வருத்தப்பட்டார். சரியென்று, மேலே இருந்த டீ அறையைக் கீழே கொண்டுவந்து, பக்கவாசல்களை அதற்குள் திறக்க வைத்தாள். டீ அறை வந்து உட்கார்ந்ததும் லிஃப்ட் பின்னால் போனது. பின்னால் போன லிஃப்ட் கழிவறைகளைத் தள்ளியது. கழிவறைகள் தவித்துத் தடுமாறி மூன்றாம் மாடியில் போய் நின்றன.

தூணுக்கும் பளுவுக்கும் கணக்குப் போடும் இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, கட்டடம் வரையறீங்களா, கண்ணாமூச்சி ஆடுறீங்களா? அவசரத்துக்கு ஒருத்தன் மூணு மாடி ஏறணுமா?"

"போற வழியில நாலு பேரப் பாப்பான்னு சொல்றாரு சார்."

"அந்த அவசரத்துல எவன்ங்க நாலு பேரப் பாப்பான்?"

அதை அப்படியே போய்ச் சொன்னாள். முதலாளி யோசித்தார். "அப்ப எல்லாரையும் லிஃப்ட்ல போகச் சொல்லுவோம். ஆனா லிஃப்ட் மெதுவாப் போகட்டும். ஒரு கதைய ஆரம்பிச்சா முடிக்கிற அளவுக்கு."

மெதுவாகப் போகும் லிஃப்டும் மூன்றாம் மாடிக் கழிவறையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவள் நாசூக்காக எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, தானே டீ போட்டு எடுத்து வந்து கொடுத்தார்.

கம்பெனி அப்போதைக்கு இருந்த வாடகை ஆபீஸில் உறை போட்ட நாற்காலிகள் வரிசை வரிசையாக நின்றன. ஊழியர்கள் சுவரில் இருந்த திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். பாதிக் கட்டங்களில் முகம்கூட இல்லை, பெயர்தான். பக்கத்து அறையில் கணக்குப் பார்க்கும் அம்மாள் ஒருவர் மட்டும் நேரில் வந்து போனார்.

"கட்டடம் வந்தா இவங்க எல்லாரும் கிளம்பி வந்துடுவாங்களா சார்?"

"வருவாங்கம்மா. நல்லா இருந்தா ஏன் வரமாட்டாங்க?" என்றவரின் குரல் பாதியில் இறங்கியது.

வீட்டில், "இன்னிக்கு வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தார் கணவர்.

"சிரிக்காதீங்க. இது மட்டும் எழும்பட்டும், உங்கள உள்ள கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு செவுரா தொட்டுக் காட்டுவேன்."

"காட்டு. ஆனா பாத்ரூம மட்டும் கீழயே வச்சிடு, எனக்கு முட்டி வலி." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அந்த மனுஷனுக்கு உண்மையில என்னதான் வேணுமாம்?"

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, பழைய வரைபடங்களைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். புதிதாக வரைந்தாள். நடுவில் நீளமாக ஒரே மேஜை. மேலிருந்து அதன்மேல் வெளிச்சம் விழும். அதைச் சுற்றி அகலப் படிகள். ஏறவும் செய்யலாம், டீயோடு உட்கார்ந்து அரட்டையும் அடிக்கலாம். யார் எங்கே போனாலும் மேஜை தெரியும். மேஜையில் இருப்பவருக்கு வருகிற ஒவ்வொருவர் முகமும் தெரியும். கழிவறை, கணவருக்காக, கீழே.

வியாழனன்று முதலாளி அட்டைக் கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்தார். மேஜையைச் சுற்றி அவள் குட்டிக் குட்டிக் காகித மனிதர்களை நிறுத்தி வைத்திருந்தாள். ஒரு மனிதனை விரலால் மெல்லத் தொட்டார்.

"குறை ஒன்னும் சொல்ல முடியலயேம்மா" என்றார் கடைசியில், எதையோ தொலைத்தவர்போல.

அவளுக்கோ கால் தரையில் பாவவில்லை. "அப்ப மனையப் பாக்கப் போலாமா சார்? இதுவரைக்கும் அளவுதானே குடுத்திருக்கீங்க."

"பாக்கலாம், பாக்கலாம். இன்னொரு டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம் சார், வேலை தலைக்கு மேல இருக்கு."

"அடுத்த வியாழன் வருவீங்கல்ல?"

"இனிமே இங்க எதுக்கு சார்? நேரா மனையிலயே பாத்துக்கலாம்!" என்று சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

வெளியே வந்தவள் கணக்கு அம்மாளின் மேஜைக்குப் போனாள். அவள் மனசுக்குள் கணவர் ஏற்கெனவே அந்தப் படியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மனைப் பத்திரத்தோட நகல் ஒன்னு வேணும். கட்ட அனுமதி கேட்டு எழுதணும்."

கணக்கு அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முதலாளியின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த மனைய எப்பவோ வித்தாச்சும்மா; வியாழக்கிழமை நீங்க வர்றீங்கன்னுதான் மனுஷன் சவரமே பண்ணிக்கிறாரு, அடுத்த வாரமும் எதையாவது தப்பா வரைஞ்சு எடுத்துட்டு வாங்களேன்."