போன் நுழையாத இடம்

ஜூன் மூன்றாம் வாரம் தௌனோ ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் முக்கியமான எந்தப் பேச்சும் போன் இருக்கும் இடத்தில் நடக்காது.

காரணம் ஒரு சினிமா. ஊர் நூலகத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள். முடிந்ததும் காபி, ஏலக்காய் பன், அப்புறம் கலந்துரையாடல். அன்றைய படத்தில் அம்மா, அப்பா, மகள் என்று ஒரு குடும்பம். எந்த சோபா வாங்குவது, யாரை வெறுப்பது, எப்போது அழுவது, எல்லாவற்றையும் போன் திரை சொல்லும். தங்கள் சொந்த ஆசை என்று நினைத்து அவர்கள் செய்வார்கள். கடைசியில் திரை அணைந்துபோகும். தங்களுக்குப் பசிக்கிறதா இல்லையா என்றே மூவருக்கும் தெரியாது.

இன்றைய சமுதாயம் இதுதான் என்று ஏழு பேர் எழுந்து பேசினார்கள். தௌனோ பதினான்கு வருடமாக அந்தக் கூட்டத்துக்குப் போகிறார். ஒரு தடவையும் வாய் திறந்ததில்லை. காரில் ஏறியதும் மனைவி ஐலாவிடம் சொன்னார்.

"மொத்தம் நூத்திப் பன்னெண்டு தடவை போனைப் பார்த்தாங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது ஆறே தடவை."

"படம் பூரா எண்ணிக்கிட்டா இருந்தே?"

"யாராவது எண்ணணும்ல."

"பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். என்னை எத்தனை தடவை பார்த்தே?"

தௌனோ வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை அவர் போனில் மடக்குக் கட்டில் விளம்பரம் வந்தது. திங்கள் நான்கு தடவை. செவ்வாய் ஏழு. புதன் ஒன்பது. எழுபத்தியோரு வயதுக்குள் அவர் ஒரு மடக்குக் கட்டிலைத் தேடியதே இல்லை.

அவருக்குப் பொறி தட்டியது. ஐலாவின் அக்கா ஹில்க்கா தினமும் சாயங்காலம் போனில் வருவாள். ஜூலையில் இவர்களுடைய ஏரிக்கரை வீட்டுக்கு வந்து தங்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஜூலையோ தௌனோவின் மாதம். ஒரு படகு, ஒரு தூண்டில், முப்பத்தியோரு நாள் மௌனம். ஹில்க்கா நீந்தும்போதுகூடப் பேசுவாள்.

"போன் ஒட்டுக் கேக்குது," என்றார் ஐலாவிடம்.

"எதை?"

"நீயும் உங்க அக்காவும் பேசறதை. கேட்டுட்டு எனக்குக் கட்டிலைக் காட்டுது. முதல்ல கட்டில் வரும். அப்புறம் அதுல படுக்க ஆள் வரும். படத்துல இப்படித்தான் ஆரம்பிச்சுது."

"அப்ப எங்கதான் பேசறது?"

அதையும் அவர் யோசித்து வைத்திருந்தார். சமையலறையில் போன். காரில் போன். படகில்கூடச் சட்டைப்பையில் போன். அது நுழையாத இடம் ஒன்றுதான் உண்டு. ஏரிக்கரையில் அவர் கையாலேயே கட்டிய சவுனா, அந்த மரத்தாலான நீராவிக் குளியலறை. எண்பது டிகிரிச் சூட்டில் எந்தப் போனும் உயிர் பிழைக்காது.

"சனிக்கிழமை சவுனாவுல வச்சுப் பேசிக்கலாம்."

"சரி," என்றாள் ஐலா.

இத்தனை சீக்கிரம் சரி சொன்னதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் எதைச் சந்தேகிப்பது என்று பிடிபடவில்லை.

சனிக்கிழமை மேல்பலகையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. சவுனாவுக்குள் யாரும் சண்டை போடக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஊரோடு மல்லுக்கு நின்ற அவருடைய அப்பாவே அங்கே குரலை உயர்த்தியதில்லை. தண்ணீர் வாளியும் அகப்பையும் ஐலாவின் பக்கம் இருந்தன.

"ஹில்க்கா ஜூலையில வரணும்கறா," என்றாள் மெதுவாக. "ஒரு வாரம்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தார். ஐலா ஓர் அகப்பைத் தண்ணீரை அடுப்பின் மேல் கொதிக்கும் கற்களில் ஊற்றினாள். ஆவி வந்து இரண்டு காதையும் பிடித்துத் திருகியது. வாய் தானாக மூடிக்கொண்டது.

"ரெண்டு வாரம்னா இன்னும் சந்தோஷப்படுவா."

இரண்டாவது அகப்பை.

"ஐலா, இது அநியாயம்..."

"சத்தம் போடாதே. சவுனா."

மூன்றாவது அகப்பையில் தௌனோ கீழ்ப்பலகைக்கு இறங்கி, அங்கிருந்து கதவோரம் போய் ஒண்டிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார் மூச்சு வாங்க. "அந்தக் கட்டில் விளம்பரம், போன் ஒட்டுக் கேட்டுத்தானே?"

"அது என்னத்தைக் கேட்டுது. தினமும் காலையில உன் போன்ல நான்தான் மடக்குக் கட்டில் தேடினேன்."

"எதுக்கு?"

"மார்ச்சிலேருந்து வாயால சொல்லிப் பார்த்தேன். 'ம்'னே. திரையில வந்தாத்தான் மனுஷன் மண்டையில ஏறும்னு அந்தப் படம் பார்த்தப்பத்தான் புரிஞ்சுது. நல்ல படம்."

இதற்குச் சொல்ல தௌனோவிடம் சூடான பதில்கள் மூன்று இருந்தன. ஐலா நான்காவது அகப்பையை எடுத்தாள்.

"நாலு வாரம்," என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓடி, நேராக ஏரியில் விழுந்தார்.

ஜூலை முதல் தேதி ஹில்க்கா இரண்டு பெட்டிகளோடு வந்தாள். தௌனோ ஒவ்வொரு நாளாகக் கழித்துக்கொண்டே வந்தார். அவள் கிளம்ப இன்னும் இரண்டே நாள் என்று இருந்த சனிக்கிழமை, மூவரும் சவுனாவில் உட்கார்ந்தார்கள். நாலு வாரத்தில் முதல் முறையாக அவருக்கு மனசு லேசாக இருந்தது.

ஹில்க்கா தங்கையின் கையிலிருந்து அகப்பையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"தௌனோ, ஆகஸ்டைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?"