பொன்னுவேல் போன கூட்டம்

அந்தச் சந்தில் மாடி வைத்த கட்டடங்கள் வரிசையாக இருக்கும் என்று, குடியை விடுவதற்கான கூட்டத்தைப் பற்றிப் போனில் பேசிய பெண்மணி சொல்லவில்லை. "பஸ் ஸ்டாண்டுக்கு மேல ஏறுற சந்து, மாடி ஹாலு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். தைரியமா வாங்க, யாரும் ஊரு பேரு கேக்க மாட்டாங்க" என்றதோடு சரி.

பொன்னுவேல் குரங்குக் குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு சந்துமுனையில் நின்றான். பக்கத்துப் பள்ளங்கி ஊர்க்காரன், கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறவன். அவனைத் தெரியாத ஆள் பஜாரில் கிடையாது. போன வாரம் குடித்துவிட்டு ஓட்டி வந்ததில், ஜீப்பின் முன்சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. மனைவி முருகேஸ்வரி அழவுமில்லை, திட்டவுமில்லை. மறுநாள் சோறு போடும்போது, "நீங்க இல்லாம எப்படி இருக்கதுன்னு இப்பவே பழகிக்கிறேன்" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன பொன்னுவேலு, பல்வலியா?"

தைலக்கடை முத்து முகம்மது. குல்லாய் ஒன்றுக்கும் உதவவில்லை.

"இல்ல பாய். ஜீப்புல வந்த வெள்ளைக்காரரு ஒருத்தரு... குடிய விடுறதுக்கு இங்கன ஒரு கூட்டம் நடக்குதாமே, எங்கன்னு கேட்டாரு."

"பாவம். ஆளு எங்க?"

"ஜீப்புல தூங்குறாரு."

"இந்தக் குளிர்லயா? இருங்க, சுக்குக்காப்பி கொண்டாரேன். நானே இங்கிலீசுல பேசி வெரசா கூட்டிட்டுப் போறேன்."

பாய் பிளாஸ்க் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துப் பொன்னுவேல் சந்துக்குள் நழுவினான். பாதி ஏற்றம் ஏறுவதற்குள் கீழேயிருந்து பாயின் குரல் கேட்டது.

"ஜீப்புல யாரையும் காணோமேப்பா. குடிச்ச மனுசன், இந்தப் பனிமூட்டத்துல எங்க விழுந்து கெடக்காரோ."

கொஞ்ச நேரத்தில் டாக்சி ஸ்டாண்டே திரண்டுவிட்டது. "ஹலோ சார், ஹலோ சார்" என்று ஆளுக்கொரு பக்கம் தேட ஆரம்பித்தார்கள்.

"ஆளு எப்படி இருப்பாரு?"

"வெள்ளையா இருப்பாராம்."

"பனியும் வெள்ளையாத்தான்யா இருக்கு. பொன்னுவேலைக் கூப்பிடுங்க, அவனுக்குத்தான் அடையாளம் தெரியும்."

அந்தக் கூட்டம் தன்னை நோக்கி ஏறி வருவதைக் கேட்டதும், பொன்னுவேல் பக்கத்தில் இருந்த மாடிப்படியில் தாவி ஏறிவிட்டான்.

மேலே ஒரு ஹால். நாற்காலிகளில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்ற கந்தம்மாள் என்ற அம்மா, "என்ன விசயமா வந்தீக?" என்றாள்.

அவன் படியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "தண்ணி... தண்ணிப் பிரச்சினை..."

"உள்ள வாங்க. இங்க வீட்டுக்கு வீடு அதே கதைதான்."

மேசைக்குப் பின்னால் இருந்த சண்முகராஜ், "புது ஆளா? நீங்களே மொதல்ல பேசுங்க. நாங்க பேசிப் பேசி அலுத்துட்டோம்" என்றார்.

பொன்னுவேல் குல்லாயைக் கழற்றினான்.

"எம் பேரு பொன்னுவேலு. நான் குடிகாரன்."

நாற்காலிகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. இனி நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்து அவன் கடகடவென்று பேசினான். அந்தரத்தில் சுற்றிய சக்கரத்தைச் சொன்னான். முருகேஸ்வரி சோறு போட்டதைச் சொன்னான். "எனக்கு விடத் தெரியலங்க. தெரிஞ்சவுக சொல்லிக் குடுங்க" என்று முடித்தான்.

யாரும் சிரிக்கவில்லை. காய்கறி மண்டியில் எல்லாரையும் அதட்டும் சண்முகவள்ளி மெல்ல எழுந்தாள். "எம் மகனும் இப்படித்தான். வெளியூர்ல வேலைன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுறேன். வீட்டுக்குள்ளதான் கெடக்கான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின் ஒருவர். அவருக்குப் பின் இன்னொருவர். கடைசியில் சண்முகராஜே எழுந்தார். "நானும் தினமும் கொஞ்சம் போடுவேன். வீட்டுல இதுவரைக்கும் தெரியாது."

"ஏலக்காய மென்னுட்டு வந்தா தெரியாதாக்கும்" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி. ஆனால் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளைக்காரரைத் தேடி மாடியேறிய முத்து முகம்மது, எப்போது வந்தாரோ, வாசலில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பிளாஸ்க்கைத் திறந்து சுக்குக்காப்பியை மூடியில் ஊற்றிப் பொன்னுவேலிடம் நீட்டினார். "குடிங்க. உங்களுக்குன்னு போட்டதுதான்."

தூண்பாறையையும் அருவியையும் காட்டி, எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்களை வாய் பிளக்க வைத்தவன் பொன்னுவேல். இந்த மலையில் அவன் வாய் பிளந்து நின்றது அன்றைக்குத்தான். தினமும் பார்க்கிற முகங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இத்தனை பெரிய பள்ளத்தாக்கா? ஒருவரும் ஒளிக்காமல் இப்படித் திறந்து காட்டுவார்களா? கோயிலில்கூட அவனுக்கு இப்படி மெய்சிலிர்த்ததில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் இங்கதானங்க?" என்று கேட்டான்.

சண்முகராஜ் மற்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். "இங்கதான். கண்டிப்பா வாங்க."

சாவிக்கொத்தோடு நின்ற கந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் வாங்க. ஆனா நம்ம தெருக் கொழாயில தண்ணி வரலைன்னு கூட்டுன கூட்டம் இது. அடுத்த வாரமாச்சும் அதையும் ஒரு வார்த்தை பேசிருவோம்."