ஐந்தாம் அறையில் ரோமாபுரி

“சார், கிரேக்கத்துல இருந்து ஆரம்பிக்கலாமா, ரோம்ல இருந்தா?”

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் இப்படிக் கேட்டபோது, குழாய்க்காரர் தோள்பையிலிருந்து பைப் ரெஞ்சைப் பாதி வெளியே எடுத்திருந்தார். மாலைக் கல்வி நிலையத்தில் வாரம் ஒரு மணி நேரம் ‘வீட்டுக் குழாய் பழுதுபார்த்தல்’ சொல்லித்தர அவரை அமர்த்தியிருந்தார்கள். கையிலிருந்த சீட்டில் ஐந்தாம் அறை என்று தெளிவாக எழுதியிருந்தது. ஐந்தாம் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேர் முன்னாலும் ஒரே புத்தகம். அட்டையில் தூண் தூணாக ஒரு கோயில்.

“அறை மாறி வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஐந்து வினாடி வேலை. ஆனால் மனுஷர் இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கழுவுதொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தே காலம் தள்ளியவர். பன்னிரண்டு பேர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தன் வாயையே பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. போதாக்குறைக்கு ‘சார்’ வேறு.

இன்னொன்றும் உண்டு. எட்டாம் வகுப்பில் ரோம் பாடம் ஆரம்பித்த வாரத்தில்தான் அவரைப் படிப்பிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பினார்கள். பாடத்தின் முதல் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. வளைவு வளைவாக ஒரு கல்பாலம், அதன் தலைமேல் ஊருக்குள் போகும் தண்ணீர். அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் படிப்பு போய்விட்டது. அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

“ரோம்ல இருந்தே ஆரம்பிப்போம்” என்றார் குழாய்க்காரர். ரெஞ்சை மெதுவாக உள்ளே தள்ளினார்.

அந்த ஒரு மணி நேரமும் தண்ணீரைப் பற்றியே பேசினார். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. மலையிலிருந்து ஊருக்குப் பல மைல். வழி முழுக்கச் சரிவு கண்ணுக்கே தெரியக் கூடாது. கூடினால் தண்ணீர் கல்லைத் தின்றுவிடும், குறைந்தால் நின்றுவிடும். “ஒரு பாத்ரூம்ல வாட்டம் பாக்கிறதுக்குள்ளயே நமக்கு நாக்கு தள்ளிப்போகுது. அவங்க ஒரு தேசத்துக்கே வாட்டம் பார்த்திருக்காங்க” என்று அவர் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த தபால்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனார். குழாய் வகுப்புக்கு ஆள் சேரவில்லை போலிருக்கிறது, அதனால்தான் அறையைச் சரித்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று நூலகத்திலிருந்து அதே புத்தகத்தை வாங்கி வந்தார். விதி அங்கேதான் வாயைத் திறந்தது.

மொட்டைமாடித் தொட்டி நிரம்புகிறவரை காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அது குழாய்க்காரர்களுக்கு என்றே கடவுள் கொடுத்த நேரம். நம்மவர் தொட்டி நிழலில் சாய்ந்து புத்தகத்தைத் திறப்பார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அது செயற்கை ஊற்றின் சத்தமாகும். எதிரே துணி காயும் கொடிகள் மறைந்து, வெள்ளைத் துண்டு போர்த்திய பெரிய மனிதர்கள் படியிறங்கி வருவார்கள். அவர்களில் ஒருவர் நின்று, “சரிவு எவ்வளவு வச்சே?” என்று கேட்பார். குழாய்க்காரர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தொட்டி நிரம்பி வழிந்து அவர் முதுகை நனைக்கும்.

அப்படி ஒரு நாள் நனைந்த முதுகோடு கீழே இறங்கி வந்து, ஒரு வீட்டில் வெந்நீர்க் குழாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் மாற்றி இணைத்துவிட்டார். அந்த வீட்டம்மா சாயங்காலம் இவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“எங்க வீட்டுக் கழிப்பறைத் தொட்டியில ஆவி பறக்குதுங்க. குளிக்கப் போனா ஜில்லுனு வருது. இது என்ன நியாயம்?”

“ரோம்ல பொதுக் குளியல் கூடத்துல வெந்நீர் அறை தனி, குளிர்ந்த நீர் அறை தனிம்மா” என்றார் இவர், இன்னும் முழுதாகத் திரும்பி வராமல்.

அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வந்த மனைவி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். “காலைல பல் விளக்கும்போது யாரோ சீசர்கிட்ட, ‘அந்தப் பக்கம் போகாதே, குத்திருவாங்க’ன்னு சொன்னீங்க. யாருங்க அவரு? உங்க கூட வேலை பார்க்கிறவரா?”

“அவர் செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“அப்போ இனிமே சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றாள். நியாயமான கேள்விதான்.

அடுத்த வார வகுப்பில் உண்மையைச் சொல்ல அவர் தொண்டையைச் செருமினார். நர்ஸ் முந்திக்கொண்டாள்.

“சார், ஒரு சந்தேகம். இந்த சீசர் நூறுல பொறந்து நாப்பத்திநாலுல செத்திருக்காரு. பொறக்கிறதுக்கு முன்னாடியே சாகிறது எப்படி சார்? ஆஸ்பத்திரியில இப்படி எழுதினா என்னைத் தொலைச்சுடுவாங்க.”

வகுப்பு முழுவதும் நிமிர்ந்தது. பன்னிரண்டு பேருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது, கேட்கத்தான் வெட்கம். முந்தின நாள்வரை குழாய்க்காரருக்கும் இருந்ததுதான்.

“கிணறு பார்த்திருக்கீங்களா?” என்றார். “தரைமட்டத்துல இருந்து ஆழத்தைக் கீழ்நோக்கி அளப்போம். ஆனா ஊத்துத் தண்ணி அடியில இருந்து மேல ஏறி வரும். சீசர் நூறடி ஆழத்துல கிளம்பி, நாப்பத்திநாலு அடி ஆழத்துக்கு ஏறினப்போ செத்துட்டாரு. கி.மு.ன்னா கிணறு. தரைக்கு மேல கி.பி. ஓவர்ஹெட் டேங்க்.”

தபால்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் கைதட்டல்தான் வினையாயிற்று. தபால்காரருக்கு அன்றாடம் முந்நூறு வாசல். முந்நூறு வாசலிலும் கடிதத்தோடு கிணற்றையும் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் வாரம் முப்பது பேர், ஐந்தாம் வாரம் ஜன்னல் விளிம்பில்கூட ஆள்.

கூட்டத்தைக் குறைக்கக் குழாய்க்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு பாடத்தைப் பிரித்துக் கொடுத்து அவர்களையே பேசச் சொன்னார். சலிப்புத் தட்டி நாலு பேராவது நின்றுவிடுவார்கள் என்று கணக்கு. நர்ஸ், ரோமப் போர்வீரர்களின் காயத்துக்கு எப்படிக் கட்டுப் போட்டிருப்பார்கள் என்று தபால்காரரின் தலையிலேயே கட்டிக் காட்டினாள். தபால்காரர் கட்டுப் போட்ட தலையோடு, குதிரை மாற்றி மாற்றி ஓலை கொண்டுபோன ரோமத் தபாலைப் பற்றிப் பேசி எல்லோரையும் கண்கலங்க வைத்தார். யாரும் நிற்கவில்லை. கதவருகே நின்று முழுவதையும் பார்த்த நிலையத் தலைவி மட்டும் உள்ளே வந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

“புரொபசர், இப்படி ஒரு பாடமுறையை நான் பார்த்ததே இல்ல. கடைசி வாரம் பெரிய கூடத்துல உங்க பேச்சு. நிலையத்துல இருக்கிற எல்லா வகுப்பையும் வரச் சொல்லப்போறேன்.”

குழாய்க்காரருக்குத் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தலைவியின் அறைக்குப் போய் நின்றார்.

“மேடம், நான் புரொபசர் இல்ல. வெறும் குழாய்க்காரன்.”

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க” என்றார். “அறிவு எங்கேயோ இருக்கு, நான் வெறும் குழாய்னு சொல்றீங்க. இதையே பேச்சுல சொல்லுங்க சார், அருமையா இருக்கும்.”

இதற்குமேல் ஒரு மனிதன் எப்படித்தான் உண்மையைச் சொல்வது?

சும்மா இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். சொன்னால் வகுப்பு போய்விடும். மறுபடி எட்டாம் வகுப்பு, மறுபடி பாதியில் மூடிய புத்தகம். கிரேக்கத்தை அவர் இன்னும் தொடக்கூட இல்லை. அந்த நீலக் கடலும், ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கதையும் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. இதை நினைத்தபோது என்னவோ முட்டிக்கொண்டு வந்தது. அழுகை மாதிரிதான், ஆனால் அந்த வயதில் அதை அழுகை என்று ஒத்துக்கொள்வது சிரமம்.

கடைசி வாரம் கூடம் நிரம்பியிருந்தது. மேடை ஏறப் போனவரை நர்ஸ் வழியில் நிறுத்தினாள்.

“சார், யார்கிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரி வேலையோட சரித்திரப் பட்டப்படிப்புல சேர்ந்துட்டேன். நீங்க சொன்னதையெல்லாம் நம்பித்தான் சேர்ந்தேன்.”

மேடைக்கு ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் அந்த ‘நம்பித்தான்’ அவர் காலைப் பிடித்து இழுத்தது. மேலே போனதும் தோள்பையிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நான் எட்டாவதோட நின்னவன்” என்றார். “இந்த நிலையத்துல குழாய் ரிப்பேர் சொல்லித்தர வந்தேன். சீட்டுல அறை மாறிப்போச்சு. சொல்லணும்னுதான் இருந்தேன், நீங்க சார்னு கூப்பிட்டீங்க, வாய் அடைச்சுப்போச்சு. உங்களுக்கு நடத்தின ஒவ்வொரு பக்கத்தையும் முந்தின நாள்தான் நானே படிச்சேன். உங்க கூடச் சேர்ந்துதான் நானும் ஆரம்பிச்சேன். தப்பா ஏதும் சொல்லியிருந்தா, இந்தப் பொண்ணோட பரீட்சைக்கு முன்னாடி நிஜ வாத்தியாரை வச்சுத் திருத்திக்குங்க. என்னைத் திட்டுங்க, பரவாயில்ல. ஆனா வகுப்பை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க. ஒரு மூலையில உக்காந்துக்கிறேன். கிரேக்கம் பாக்கி இருக்கு.”

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தபால்காரர் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடி நின்றார்.

நிலையத் தலைவியின் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார், மூடினார், மறுபடி புரட்டினார்.

“நாங்க சரித்திரத்துக்கு ஒரு புரொபசரை நியமிச்சிருக்கோமே. நாப்பது வருஷம் காலேஜ்ல நடத்தினவர். கையெழுத்தும் வாராவாரம் போட்டிருக்காரே. அப்போ அவர் எங்கேதான் போனார்?”

கூடுதல் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்ட வாட்ச்மேன், அவற்றைக் கீழே வைத்துவிட்டு, கடைசி வரிசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த நரைத்த தலைக்காரரின் தோளை மெதுவாகத் தொட்டார்.

“எந்திரிங்க சார், அந்தத் தம்பியே சொல்லிட்டாரு, வாராவாரம் என்கிட்ட வந்து ‘இதுல வாஷர்ங்கிறது எதுப்பா’ன்னு ரகசியமா கேட்டுட்டு, மாடியில போய்க் குழாய் வகுப்பு எடுத்தீங்களே, நீங்களும் சொல்லிடுங்க.”