நாரிஸ் கழற்றிய வால்வு

நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங்கைப் போடக் கூடாது. ராதரம் ஊரில், நாரிஸ் பிக்கர்டைக்கின் வீட்டில் இதுதான் சட்டம். அக்டோபரில் பனி கொட்டினாலும் சட்டம். மூக்கு நுனி உறைந்து டீக் கோப்பைக்குள் விழுந்தாலும் சட்டம். குளிர்கிறது என்று மனைவி டோரீன் வாயைத் திறந்தால், "ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்பார். அப்படியும் குளிர்கிறது என்றால், "அது மேல இன்னொண்ணு போட்டுக்கோ" என்பார். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் டோரீன் கிட்டத்தட்ட வெங்காயம் ஆகிவிட்டாள்.

இது வெறும் கொள்கை விஷயமில்லை, மான விஷயம். தெருக்காரர்களுக்குள் ஒரு பந்தயம்: தேதிக்கு முன்னால் ஹீட்டிங் போட்டு மாட்டிக்கொள்கிறவர், குளிர்காலம் முழுக்க இளஞ்சிவப்புக் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பியோடுதான் தெருமுனைக் கிளப்பில் உட்கார வேண்டும். எதிர்வீட்டு வில்ஃப் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறார். நாரிஸ் ஒரு தடவைகூட இல்லை. இரும்பாலையில் நாற்பது வருடம் வால்வு சோதித்து ஓய்வு பெற்ற தலை அது. அதில் குஞ்சம் ஏறலாமா?

இந்த அக்டோபரில்தான் அவருக்குக் குழப்பம் பிடித்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குக் கழுத்தில் வேர்த்தது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டார். சுட்டது. ஹீட்டிங் குமிழைப் பார்த்தார். அணைத்த நிலையில்தான் இருந்தது.

"டோரீன்! ஹீட்டிங் போட்டியா?"

"நான் எதுக்குக் கண்ணு போடறேன்? பாத்திரம்ல கழுவிக்கிட்டிருக்கேன்." டோரீன் எல்லோரையும் கண்ணு என்பாள். பால்காரரும் கண்ணுதான்.

"ரேடியேட்டர் சுடுதே!"

"உன் கை ஜில்லுனு இருக்கும். ஜில்லுனு இருக்கிற கைக்கு எதைத் தொட்டாலும் சுடும்."

நாரிஸ் அதே கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. மூன்று நாள், டாக்டர் நாடி பார்ப்பது போல அறை அறையாக ரேடியேட்டர்களைத் தொட்டுக்கொண்டு அலைந்தார். சில சமயம் சுட்டது, சில சமயம் சில்லிட்டது. அதற்கிடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. டோரீன் ஒரே தட்டை நாற்பது நிமிஷம் கழுவினாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தாள்.

"ராத்திரி குளிச்சே, காலையில மறுபடியுமா? படுத்து எழுந்திரிக்கறதுக்குள்ள என்ன அழுக்கு ஒட்டிச்சு?"

"பக்கத்துல நீதானே படுத்திருந்தே."

அப்போதுதான் நாரிசுக்கு மண்டையில் உறைத்தது. குழாயைத் திறந்தால் ரேடியேட்டர் சுடுகிறது! சமையலறைச் சுவரில் இருக்கும் பாய்லர் ஒரே பெட்டி, இரண்டு வேலை. குழாய்க்கு வெந்நீர் தரும், வீட்டையும் சூடாக்கும். சூடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பி விடுவது உள்ளே இருக்கும் டைவர்ட்டர் வால்வு. அது இறுகிக்கொண்டு, குழாய்க்குப் போக வேண்டிய சூட்டைப் பாதி ரேடியேட்டருக்குக் கசிய விட்டிருக்கிறது.

"செப்டம்பர்லேர்ந்தே அப்படித்தான் கண்ணு" என்றாள் டோரீன்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஹீட்டிங் போட்டியான்னுதானே கேட்டே? வால்வு எப்படி இருக்குன்னு நீ கேக்கவே இல்லையே."

"நாளைக்கே கழட்டறேன்!"

"கேஸ்காரரைக் கூப்பிடு. அந்தப் பெட்டியில கை வைக்க அவருக்குத்தான் சட்டம் இடம் கொடுக்குது."

"நான் கேஸ் பக்கமே போகல. தண்ணிப் பக்கம் மட்டும். நாற்பது வருஷம் டோரீன்! வால்வுதான் என் வாழ்வு!"

"அதான் தெரியுமே. கல்யாண வாழ்வைத்தான் நீ சோதிச்சுப் பார்த்ததே இல்ல."

மறுநாள் காலை மின்சாரத்தையும் தண்ணீரையும் அடைத்துவிட்டு, பாய்லருக்கு அடியில் கழுத்தை முறுக்கிக்கொண்டு புகுந்தார். வால்வு வெளியே வந்தது. சுண்ணாம்பு படிந்து வெள்ளையாக இருந்தது. வினிகரில் ஊற வைத்துத் தேய்த்தார். பளபளத்தது. திரும்பவும் மாட்டப் போன இடத்தில்தான் தகராறு. இரும்பாலையில் வால்வை மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள், இவர் சோதிப்பார், எடுத்துப் போய்விடுவார்கள். மாட்டுகிற ஆள் வேறு. இப்படிப் பிடித்தாலும் சரியாகத் தெரிந்தது, அப்படிப் பிடித்தாலும் சரியாகத் தெரிந்தது. வால்வில் ஓர் அம்புக்குறி வேறு.

"டோரீன்! அந்தப் புத்தகத்தை எடுத்துப் படி. எனக்கு ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு."

டோரீன் புரட்டினாள். "'வால்வைச் செலுத்தும்போது அம்புக்குறி...' அய்ய, என்ன பொடி எழுத்து!"

"அம்புக்குறி எங்கே பார்க்கணும்? சீக்கிரம் சொல்லு, மூஞ்சியில தண்ணி சொட்டுது!"

"கீழே."

"கீழேயா?"

"தரையைப் பார்த்து. நம்பிக்கை இல்லேன்னா எழுந்து வந்து நீயே படி."

எழுந்திருக்க முடிந்தால் அவர் ஏன் கேட்கிறார்? அம்பைத் தரை பார்க்க வைத்து, அழுத்தி மாட்டினார்.

குழாயைத் திறந்தார். ரேடியேட்டர் ஜில்லென்று இருந்தது. நாரிஸ் ஸ்பானரோடு ஒரு சுற்று ஆடினார். பிறகு குழாய்த் தண்ணீரைத் தொட்டார். அதுவும் ஜில்லென்று இருந்தது. பத்து நிமிஷம் ஓடவிட்டும் பனிக்கட்டிதான். எதையெதையோ திருகியதில் ஹீட்டிங் குமிழும் திரும்பிவிட்டது. உடனே குழாயில் வெந்நீர் வந்தது. குமிழை அணைத்தார், தண்ணீர் குளிர்ந்தது. போட்டார், சுட்டது.

"என்ன கண்ணு ஆச்சு?"

"முன்னால தண்ணியைத் திறந்தா வீடு சூடாச்சு. இப்ப வீட்டைச் சூடாக்கினாத்தான் தண்ணி சூடாவுது."

"அப்ப பழுது போயிடுச்சா, திரும்பி வந்திருக்கா?"

சட்டம் சட்டம்தான் என்று நாரிஸ் குமிழை அணைத்து வைத்தார்.

மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் பல்லைக் கடித்தார். டோரீன் தங்கை வீட்டில் குளித்துவிட்டுக் கன்னம் சிவக்கத் திரும்பி வந்தாள். நான்காம் நாள் காலை சவரம் செய்கையில் மோவாயில் மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டார். வெறுத்துப் போய்க் குமிழைத் திருப்பிவிட்டுத் தொட்டியில் இறங்கினார். சுகமென்றால் அப்படி ஒரு சுகம்.

அழைப்பு மணி அடித்தது. வில்ஃப் நேராக உள்ளே வந்து ரேடியேட்டர் மேல் கையை வைத்தார்.

"யோவ் நாரிஸ்! இன்னிக்கு அக்டோபர் பதினேழு! தொப்பியைத் துவைச்சு வைக்கச் சொல்லட்டுமா?"

நாரிஸ் துண்டோடு ஓடி வந்தார். "வால்வு உடைஞ்சு போச்சுய்யா! ஹீட்டிங் போட்டாத்தான் வெந்நீரே வருது. நான் மாட்டினதுல ஒரு குத்தமும் இல்ல, வால்வுதான் கெட்டது!"

வில்ஃப் தாடையைத் தடவினார். "பழுதுன்னா தொப்பி கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா உடைஞ்ச வால்வைக் கிளப்பு மேசையில கொண்டுவந்து வைக்கணும். நாங்க எல்லாரும் கண்ணால பார்க்கணும்."

"தாராளமா! புதுசு வந்ததும் பழசைக் கழட்டிக் கொண்டுவரேன்."

"எப்ப வரும்?"

"மார்ச் மாசம் ஆகுமாம்" என்றாள் டீயோடு வந்த டோரீன்.

யார் சொன்னது என்று நாரிஸ் விழித்தார். ஆனாலும் மானம் தப்பியதே என்று, "ஆமாம், மார்ச்!" என்று தலையை ஆட்டினார்.

வில்ஃப் போனதும், புது வால்வின் எண்ணைக் குறித்துக்கொள்ளப் புத்தகத்தைத் திறந்தார். படத்தில் அம்புக்குறி கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக இருந்தது. மேலே பார்த்தது.

"டோரீன், அம்பு மேலே பார்க்கணும்னு போட்டிருக்கே!"

"அப்படியா?"

"கீழேன்னு படிச்சியே!"

"புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தேனோ என்னவோ, கண்ணு."

"வால்வுக்கு ஒரு கேடும் இல்ல! அஞ்சே நிமிஷ வேலை, இப்பவே திருப்பி மாட்டறேன்!" நாரிஸ் ஸ்பானரை எடுத்தார்.

"தாராளமா மாட்டு. அப்புறம் உடைஞ்ச வால்வுன்னு கிளப்பு மேசையில எதை வைப்பே? இல்ல, நாற்பது வருஷம் வால்வு பார்த்தவர் தலைகீழா மாட்டிட்டாருன்னு நானே வில்ஃப்கிட்ட சொல்லிடட்டுமா?"

நாரிஸ் பாய்லரைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்தார். திரும்பவும் பாய்லரைப் பார்த்தார். பிறகு ஸ்பானரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார், ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"டோரீன், அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடறியா? புழுக்கமா இருக்கு."