மலைக்குப் பின்னால் என்ன?

நண்பர் ஒருவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவருடைய உலகத்தை நாசம் செய்தவன் நான். தவறிப்போய்ச் செய்ததல்ல, வேண்டுமென்றே செய்தேன்.

அவர் பெயர் எங்கள் மந்தைவெளிக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. 'ஸ்டாப்பிங்' என்றுதான் கூப்பிடுவோம். அவரைப்போல வீடியோ கேம் ஆடிய மனிதர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை.

மயிலாப்பூருக்கும் திருவான்மியூருக்கும் இடையே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் மகளோடு இருக்கிறார். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வெளிநாடு போன என் மகன் மாடியில் என் வீட்டில் விட்டுச்சென்ற வீடியோ கேம் பெட்டிதான் எங்களைச் சேர்த்து வைத்தது.

அதில் ஒரு ஓப்பன் வேர்ல்ட் கேம். பெரிய ஊர், காடு, கடல். எங்கு வேண்டுமானாலும் போகலாம். மேப் முழுக்கக் கேள்விக்குறிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. கதாநாயகன் தன் தம்பியைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டும்.

ஸ்டாப்பிங் முதல் நாளே ஒரு பஸ்ஸைத் திருடினார். அவ்வளவுதான், பழிவாங்கல் அம்போ. எல்லா நிறுத்தத்திலும் பஸ்ஸை நிறுத்துவார். பொம்மை மனிதர்கள் ஏறமாட்டார்கள்.

"இன்னாய்யா பராக்கு பாத்துகினு நிக்கிற? ஏறு!" என்று டீவியைப் பார்த்துக் கத்துவார்.

"வேலையில இருந்தப்ப இப்படி நிறுத்தினீங்களா?"

"எங்க வாத்யாரே! ஸ்டாப்பிங் தாண்டித்தான் நிறுத்துவேன். பாவம், ஓடி வருவாங்க. அதான் இப்ப நிறுத்தறேன்."

பின்னாலேயே வில்லனின் ஆட்கள் சுட்டுக்கொண்டு வருவார்கள். இவர் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி, அவர்களுக்கு வழி விடுவார்.

வடக்கே மேகம் மூடிய ஒரு மலை. தினமும் அதன் அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, "அதுக்குப் பின்னாடி இன்னா கீது?" என்பார்.

"போய்ப் பாருங்களேன்."

"பாத்துட்டா அப்பால கேக்க முடியாதே!"

நானோ மேப்பில் ஒரு கேள்விக்குறி விடாமல் துடைத்து முடித்தவன். பத்து இறகு பொறுக்கு, ஆறு கோபுரம் ஏறு என்று அது ஏவியதையெல்லாம் செய்தேன். கடைசியில் பரீட்சைத் தாள் திருத்திய அலுப்புதான் மிஞ்சியது. அதே ஊர், அதே சாலை. எனக்குக் கொட்டாவி, அவருக்குச் சிரிப்பு. எப்படி? யோசித்துப் பார்த்தேன், புரியவில்லை. புரியாதது பொறாமையானது.

அவர் கண்ணில் கட்டோடு கீழ்வீட்டில் படுத்திருந்த நாட்களில், பெட்டியில் அவருக்கென்று தனியாகச் சேமித்திருந்த ஆட்டத்தைத் திறந்து எல்லாவற்றையும் முடித்தேன். மலைமேல் ஏறி மேகத்தையும் விலக்கினேன். உதவி செய்வதாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்து வந்தவர் மேப்பைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தமா தொடச்சி வச்சிட்டியே, வாத்யாரே" என்றார். திட்டவில்லை. எழுந்து போனவர் திரும்ப வரவில்லை. படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் மட்டும்.

பழைய ஆட்டத்தை மீட்க வழியில்லை. புதிதாக ஆரம்பித்தேன். குதிக்க, குனியக் கற்றுத்தரும் அந்தச் சலிப்பான ஆரம்பப் பாடங்களை நானே முடித்தேன். ஒரு பஸ்ஸைத் திருடிக் கடலோரத்தில் நிறுத்தினேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு. ஒரு கேள்விக்குறியையும் தொடவில்லை. பிறகு கீழே போய், "பொறாமையிலதான் செஞ்சேன். மன்னிச்சுக்கங்க. மறுபடி வாங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தார். பஸ்ஸை எடுத்தார். மலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன்?"

"அத்த நீ பாத்துட்ட. உன் மூஞ்சிலயே எழுதிக் கீது."

அவர் வண்டியை மேற்கே திருப்பினார். அந்தப் பக்கம் மட்டும் மேப்பில் ஒரு குறியும் கிடையாது. வெறும் பொட்டல்.

"இங்க வந்துகிறியா?"

"இல்லை. ஒண்ணும் இல்லாத இடம்னு வரலை."

"அப்ப கிட்ட வந்து குந்து. போலாம்."

ஒரு வேலி வந்தது. ஒரு மரம் வந்தது. அதன்பின் உண்மையாகவே ஒன்றும் வரவில்லை. அவர் மகள் சாப்பிடக் கூப்பிடும்வரை போய்க்கொண்டே இருந்தோம்.