முப்பதாரும் பிலோவின் காதுக் கருவியும்

வெள்ளவத்தையில் முப்பதாரைப் போல ஒரு சந்தேகப் பிராணி இனிமேல் பிறக்கப்போவதில்லை. காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையில் ரேடியோ, ஃபேன், மிக்ஸி திருத்துகிறவர். எதையும் முப்பது தரம் சோதிக்காமல் நம்பமாட்டார். பெயர் வந்த கதை அதுதான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமோ என்னவோ.

“ஃபேன் சில நேரம் நிண்டு போகுது” என்று யாராவது சொன்னால் போதும்.

“சில நேரம் எண்டா? முப்பது தரத்தில எத்தினை தரம்?”

“அதை ஆர் எண்ணினது?”

“அப்ப எண்ணிக்கொண்டு வாங்கோ!”

சம்பலில் மாசிக் கருவாடு போட்டதா இல்லையா என்று மனைவியோடு வாக்குவாதம் வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, போட்டது ஒன்று போடாதது ஒன்று என்று இரண்டு கோப்பையிலும் மாறி மாறி முப்பது வாய் சாப்பிட்டவர். முடிவு தெரியவில்லை. வயிறு மட்டும் ஊதிப்போனது.

இந்த மனுசனிடம்தான் என் மனைவி பிலோமினாவின் காதுக் கருவியோடு போய் நின்றேன். மகளுக்குக் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் அடுத்த சனிக்கிழமை கல்யாணம். கருவியோ கோயிலில் மட்டும் ‘கீ...’ என்று கூக்காட்டியது. பேய்தான் கோயிலில் கத்தும் என்று வாய்தவறிச் சொல்லி, அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

“கழட்டி வச்சிட்டுத்தான் வருவன். சனத்துக்கு முன்னால மானம் போகேலாது” என்றாள் பிலோ. கழற்றினால் மகள் சம்மதம் சொல்வது அவளுக்குக் கேட்காது. அதைச் சொல்லும்போதே அழுதாள்.

சத்தத்தைக் கேட்டே பழுது சொல்லும் ஏஐ செயலி ஒன்று என் ஃபோனில் இருந்தது. “சர்க்கிட் பழுதாம்” என்று பெருமையாக நீட்டினேன். முப்பதார் ஃபோனை வாங்கி, கடையிலிருந்த நல்ல ரேடியோ பதினைந்து, பழுதான ரேடியோ பதினைந்து என்று எல்லாவற்றையும் கேட்கவைத்தார். முப்பதுக்கும் சர்க்கிட் பழுது!

“இது சோதனை இல்லை தம்பி, ஆசீர்வாதம். நல்லவன் கெட்டவன் பாராமக் குடுக்குது.”

மறுநாள் பூசையில்லாத நேரம் எங்களோடு கோயிலுக்கு வந்தார். பிலோ வாசலில் முக்காடு போட்டாள். கருவி கத்தியது. எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

“முக்காடுதான்!”

“ஒரு தரத்தை வச்சுச் சொல்லாதீங்கோ!”

பிஸ்கட் டின் ஒன்றில் ‘முக்காடு’, ‘வெறுந்தலை’ என்று எழுதிய முப்பது துண்டுகளைக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். “நான் நினைச்ச ஒழுங்கில செய்தா, நான் நினைச்சதுதான் வரும்.” பாவம் பிலோ, போடுவதும் எடுப்பதுமாகக் களைத்துப்போனாள். முக்காடு போட்ட பதினைந்தில் பதினாலு தரம் கத்தியது. வெறுந்தலைக்கு ஒருதரமும் இல்லை.

“துணி காதை மூடேக்க, வெளிய வாற சத்தம் திரும்பிக் கருவிக்குள்ள போகுது. கருவியில ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி.”

“முக்காடில்லாம நான் பூசைக்கு நிக்கமாட்டன், அண்ணே.”

“ஆர் எடுக்கச் சொன்னது? துணியைக் காதுக்குப் பின்னால விட்டு ஊசி குத்துங்கோ.” அதற்கும் இன்னொரு முப்பது! நான் வாங்குப் பலகையில் சாய்ந்து தூங்கியே போனேன். எழுப்பும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருதரமும் கத்தவில்லையாம்.

சனிக்கிழமை, பாதர் கேட்டதும் மகள் மெல்லிய குரலில் “சம்மதம்” என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிலோ என் கையைக் கிள்ளினாள்.

“எனக்குக் கேட்டுதப்பா!”

திரும்பிப் பார்த்தேன். கடைசி வாங்கில் முப்பதார் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்தவன் இல்லாத எனக்கு, அன்றைக்குப் பெண் வீட்டு வாங்கில் ஒரு அண்ணன் இருந்தார்.