ஆர் பட்டனும் அப்பாவின் ஹோர்னும்

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியும் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. லைசனைக் காட்டினேன், அவ்வளவுதான். மற்றதையெல்லாம் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

லைசன் உண்மையானது. பதுளையில் லேனர்ஸ் பழக்கிய மாஸ்டர் தன் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளச்சும் வைத்திருந்தார். பத்து நாளும் வாகனத்தை ஓட்டியது அவர்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். ட்ரயலன்று மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன், பாஸ் என்றார்கள். (எனக்கே ஆச்சரியம். ரெண்டாவது தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.)

ஆனால் எனக்கிருந்த தைரியம் லைசனிலிருந்து வந்ததல்ல. அது ஒரு கம்பியூட்டர் விளையாட்டிலிருந்து வந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் பழக்கிக்கொண்டிருந்தேன். இருந்த ஆறு மெஷினில் ஒன்றுதான் உருப்படி. அதில் யாரோ ஒரு கார் ரேஸை ஏற்றிவைத்திருந்தார்கள். மத்தியானம் வகுப்பில்லாத ஒரு மணி நேரம் அது எனக்கே எனக்கு.

அதற்கு முன் நான் பார்த்த ரேஸ் விளையாட்டுகள் எல்லாம் ஒரே வட்டம். போன வழியிலேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும். இதிலோ ஒரு நகரமே திறந்து கிடந்தது. ரேஸ் ஓடாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். நினைத்த சந்தில் திரும்பலாம், பாலத்தின் மேல் பறக்கலாம், கடற்கரையில் இறங்கலாம். நான் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். எங்கள் லயத்து வீடுகளுக்கு ஒரே ரோடு. இறங்கினால் பதுளை, ஏறினால் வீடு. எந்தப் பக்கம் போக விருப்பம் என்று வாழ்க்கையில் யாருமே என்னைக் கேட்டதில்லை. முதல் நாள் அந்த நகரத்தின் நாற்சந்தியொன்றில் காரை நிறுத்திவிட்டு, நாலு ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தேன். அவ்வளவு சந்தோசம்.

குறைகளும் இருந்தன. அப்போது அவை குறையாகத் தெரியவில்லை, அதுதான் வினை. பெட்ரோல் தீராது. கிளச் கிடையாது. ரோட்டில் மாடு, நாய், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எதுவும் கிடையாது. விளக்குக் கம்பத்தில் மோதினால் கம்பம்தான் விழும். எல்லோரும் ரோட்டின் வலது பக்கத்தில் ஓட்டினார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன். அத்தனை பெரிய நகரத்தில் இறங்கி ஒரு பிளேன்டீ குடிக்கக் கடை இல்லை. கதவெல்லாம் சுவரில் வரைந்த கதவு. எல்லாவற்றையும் விட, அந்தக் காருக்கு ஹோர்ன் இல்லை. கீபோர்டில் உள்ள அத்தனை பட்டனையும் அமுக்கிப் பார்த்தேன், ஒரு சத்தமும் வரவில்லை.

அப்படி அமுக்கியதில்தான் ஆர் பட்டனைக் கண்டுபிடித்தேன். சுவரில் சிக்கினாலும் பள்ளத்தில் விழுந்தாலும் ஆரை அமுக்கினால் போதும். கார் ஒரு கீறலும் இல்லாமல் ரோட்டு நடுவில் வந்து நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அமுக்கியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துப் பெண்களின் சுகாதாரத்துக்காக வேலை செய்யும் ஒரு நிறுவனத்துக்கு உதவியாளர் தேவை, வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று தகவல் வந்தது. ஒழுங்கான ஆபீஸ் வேலை. வேலையே கிடைத்துவிட்டது போல அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். அப்பா எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். இருபது வருசமாக லொறி ஓட்டியும் என்னை ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்பார். அவருக்காகவாவது அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்றிருந்தது.

இன்டர்வியூ எடுத்தவர் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர். கறாரான கண்ணாடி, கஞ்சி போட்ட சேலை.

"வாகனம் ஓடத் தெரியுமோ பிள்ளை?"

லைசனை நீட்டினேன்.

"ஓடிப் பழக்கமிருக்கோ?"

"ஆறு மாசமா ஒவ்வொரு நாளும் ஓட்டுறேன் மிஸ்." (இதிலும் பொய் இல்லை பாருங்கள்.)

"நல்லது. எனக்கு உதவிக்கு ஆள் அவசரம். மூண்டு தரம் கூட்டம் வைச்சன், நாலு பொம்பிளையள்தான் வந்தவை. வாரும், உங்கட தோட்டத்துக்கே போவம்."

மெயின் ரோட்டில் மிஸ்தான் ஓட்டினார். தோட்டத்து ரோடு பிரியும் இடத்தில் இறங்கி, "இனி நீர் ஓடும்," என்று சாவியைத் தந்தார். அது ஒரு பழைய டபிள் கெப் வண்டி. முன்பு யாரிடம் இருந்ததோ, அதற்கு லொறி ஹோர்ன் பூட்டியிருந்தார்கள்.

மூன்று தடவை எஞ்சின் நின்றது. நாலாவது தடவை துள்ளிக் கிளம்பியது. முதலாம் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறினோம்.

"கியரை மாத்தும் பிள்ளை!"

"இதுவே நல்லா போகுது மிஸ்."

"முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடியும்!"

ஹோர்ன்! ஆறு மாதமாக ஊமைக் கார் ஓட்டியவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்தது. உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினேன். மலையே எதிரொலித்தது. பாம், பாம், பாஆஆம்! அடுத்த வளைவிலும் அதே. அதற்கடுத்த முடக்கிலும் அதே. எனக்குத் தெரிந்த ஹோர்ன் அது ஒன்றுதான். இரண்டு குட்டை, ஒரு நீளம். பிறந்ததிலிருந்து கேட்ட அப்பாவின் ஹோர்ன்.

தோட்டத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம். கொழுந்து லொறி வந்துவிட்டது, எடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்துப் போடுங்கள். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் தோட்டத்தில் இல்லை. கடற்கரையோரம் பறந்துகொண்டிருந்தேன்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முந்திய முடக்கில் பழக்க தோசத்தில் வலது பக்கம் சாய்ந்தேன். வண்டி மண்திட்டில் போய் மெதுவாக முட்டி நின்றது. பெரிய அடியில்லை. அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கை தானாக ஆரைத் தேடியது. கியர்க் குமிழைப் பார்க்கிறேன், அதிலேயே ஆர் என்று போட்டிருக்கிறது! கடவுளைக் கண்டது போலிருந்தது. போட்டேன், அக்சிலேட்டரையும் மிதித்தேன். வண்டி பின்னால் பாய்ந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து, கீழ்ப்பக்கத் தேயிலைக்குள் இரண்டு பின்சக்கரத்தையும் இறக்கிவிட்டு நின்றது.

மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன பிள்ளை செய்தனீர்?"

"ஆர் போட்டேன் மிஸ்."

"ஏன் போட்டனீர்?"

"ரோட்டுக்கு வந்துரும்னு..."

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போதுதான் மேலே சலசலப்புக் கேட்டது. பார்த்தால், மலையிலிருந்து நாற்பது பெண்கள் கொழுந்துப் பையோடு தட தடவென்று இறங்கி மடுவத்துக்கு ஓடி வருகிறார்கள். மணி பத்தரை. நிறுவை பன்னிரண்டு மணிக்கு. பின்னால் கணக்கப்பிள்ளை, "எவன்டா இந்நேரத்துக்கு லொறிய கொண்டாந்தது?" என்று கத்திக்கொண்டு வந்தார்.

முதலில் வந்து சேர்ந்தது பக்கத்துக் காம்பிரா வீட்டு மாரியாயி அக்கா. "சுதா, ஒங்கப்பன் எங்கடி? ஹோர்ன் கேட்டுச்சே!"

"அது... நான் அடிச்சதுக்கா."

"அடிப்பாவி! பாதிப் பையோட ஓடியாந்தோம்டி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போயிற்று, மானமும் போயிற்று. அப்பா சொல்லிவைத்த அத்தனை பேரும் வரிசையாக நின்று பார்க்கிறார்கள். அப்போது மாரியாயி அக்கா வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். நாற்பது பேரும் பையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளைகூட திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே தள்ளில் வண்டியை ரோட்டில் ஏற்றினார்கள்.

மிஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "பிள்ளை, நாப்பது பேர்!" என்று என் கையைப் பிடித்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்திட்டில் ஏறி, இரத்தசோகை பற்றி கால் மணி நேரம் பேசினார். அத்தனை பேரும் கேட்டார்கள்.

"வேலை உமக்குத்தான்," என்றார் இறங்கி வந்ததும். "ஆனா வாகனம் நான் ஓடுறன். நீர் பக்கத்திலை இருந்து ஹோர்னை மட்டும் அடியும்."

பெண்கள் மலைக்குத் திரும்பினார்கள். நாங்கள் டயரில் சிக்கிய தேயிலை வாதுகளைப் பிடுங்கி, வண்டியைக் கழுவி முடிக்க, பன்னிரண்டாகிவிட்டது. சொன்ன நேரத்துக்கு அப்பாவின் லொறி வந்தது. பாம், பாம், பாஆஆம்! மலையில் ஒரு தலைகூட அசையவில்லை. அப்பா மறுபடி அடித்தார். மேலேயிருந்து மாரியாயி அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"போதும்டி சுதா! வேலையப் பாக்க விடு!"

அப்பா லொறியிலிருந்து தலையை நீட்டி, மலையைப் பார்த்தார், டபிள் கெப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் டயருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அந்த வேலையில் ஏழு வருசம் இருந்தேன். கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அதே ஹோர்ன்தான், இரண்டு குட்டை, ஒரு நீளம். அதனால் அப்பா தன் ஹோர்னோடு கடைசியில் இன்னொரு நீளம் சேர்க்க வேண்டியதாயிற்று. வீட்டில் இன்றும் யார் எதைச் சொதப்பினாலும், "ஆர் போடு, ரோட்டுக்கு வந்துரும்," என்பார்கள். வாகனத்தில் எனக்கு இடது பக்கத்து ஆசனம் நிரந்தரம்.

அப்பா பென்சன் எடுத்துப் பல வருசமாகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது புது டிரைவர் முடக்கில் நாலு ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தான். ஏன் தம்பி நாலு என்று கேட்டேன்.

"தெரியலங்க. பழைய டிரைவர்தான் சொல்லிக் குடுத்தாரு. நாலாவது அடிச்சாதான் இது லொறி, சுதா இல்லன்னு அர்த்தமாம்," என்றான். "சுதான்னா என்னாங்க?"